புதுசை ஒருக்கா தொட்டுப் பாத்த பிறகு கையில இருக்கிறது ஏன் பிடிக்காமப் போகுது?

மான்கண்ணன் (திருகோணமலை)

வணக்கம் எல்லாருக்கும். இது கமராக் கேள்வியா மனசுக் கேள்வியா எண்டு எனக்கே விளங்கேல்ல, அதால ரெண்டும் தெரிஞ்ச ஆக்கள் பதில் சொல்லுங்கோ.

நான் திருமலையில கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு படம் எடுக்கிறனான். கையில இருக்கிறது நிக்கோன் டி750. 2014ல வந்த மொடல், நான் 2017ல சீட்டுக் காசையும் போட்டு அம்மாட காப்பையும் அடைவு வைச்சு வாங்கினது. இண்டைக்கு வரைக்கும் அதில ஒரு குறை சொல்லேலாது. பத்திரகாளி அம்மன் தேருக்குள்ள சனத்துக்கு நடுவில நசிபட்டிருக்கு, டச்பே மணல் காத்துக்குள்ள நிண்டிருக்கு, ஒருக்கா மழைக்குள்ள பொம்பிளை மாப்பிளையோட சேர்ந்து நனைஞ்சும் இருக்கு. காப்பை அடுத்த வருஷமே மீட்டிட்டன், அதையும் சொல்லிப் போடோணும்.

போன மாசம் சித்தப்பாட மகன் கனடாவில இருந்து வந்தவன். கழுத்தில சோனி ஏ7 ஃபோர். கோட்டைக்குள்ள கோணேசரைக் கும்பிட்டுட்டு இறங்கி வாற வழியில மான் நிண்டது, "இந்தா அண்ணா நீங்க எடுத்துப் பாருங்கோ" எண்டு கழட்டித் தந்தான். அரை மணித்தியாலம் கூட இருக்காது. மான் தலையைத் திருப்பத் திருப்ப ஒரு குட்டி போகஸ் பெட்டி அதிட கண்ணிலயே ஒட்டிக்கொண்டு போகுது. நான் ஒண்டும் செய்யேல்ல, பட்டனை அமத்தினது மட்டுந்தான். என்ட டி750ல போகஸ் புள்ளி 51, அதுவும் எல்லாம் நடுவில குவிஞ்சு கிடக்கும், பொம்பிளைட முகம் ஓரத்தில வேணும் எண்டால் முதல்ல நடுப்புள்ளியால கண்ணைப் பிடிச்சு அரைவாசி அமத்தி வைச்சுக்கொண்டு பிறகு கமராவை நகர்த்தோணும், இதை இவ்வளவு வருஷமும் ஒரு வேலை எண்டே நினைக்காமச் செய்துகொண்டிருந்தனான், கை தன்ட பாட்டில செய்யும்.

அடுத்த ஞாயிறு உப்புவெளியில ஒரு கலியாணம். தாலி கட்டுற நேரம் நான் கமராவை நகர்த்திறன், நகர்த்தேக்க "இது ஒரு வேலை" எண்டு மண்டைக்குள்ள ஆரோ சொல்லுறான். பாரமாவும் இருந்துது. ஷட்டர் சத்தம் ஐயர்ட மந்திரத்தை விடப் பெரிசாக் கேட்டுது. அதே கமராதான், அதே லென்ஸ்தான். பழுதாப் போனது நான்தான் போல.

இது தன்ட பாட்டில போயிடுமா, இல்லாட்டி கடன்பட்டு மாத்தினால்தான் தீருமா?

ஆல்ட்டோக்காரன்

சிம்பிள் தீர்வு: அடுத்த முறை சித்தப்பாட மகன் வந்தா கழுத்தில என்ன இருக்கு எண்டு பாத்திட்டுப் படலையைத் திறவுங்கோ 😄

பகிடி கிடக்கட்டும், பிறகு வந்து எழுதிறன், எனக்கும் இதில ஒரு கதை இருக்கு.

சோல்டர் ஐயா

தம்பி, நான் றேடியோ, ரீவி திருத்திற தொழில். இப்ப கடை மூடியாச்சு, மகன் போன் கடை போட்டிருக்கிறான், நான் மூலையில ஒரு மேசையோட இருக்கிறன். உங்கட வருத்தத்தை நான் எத்தினையோ தரம் மேசையில வைச்சுப் பாத்தனான், ஆனா வருத்தக்காரர் எண்டு வந்தது ரீவிதான், ஆள் இல்லை.

2010, 2011 அளவில இருக்கும். ஒரு மனுசன் 29 இஞ்சி ட்ரினிட்ரொன், சோனிட பழைய குழாய் ரீவி, ஒண்டை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்தார், சவுதியில உழைச்சு வாங்கினது. அதைத் தூக்கி இறக்க ரெண்டு பேர் வேணும். என்ன பழுது எண்டு கேட்டன். "திரையில மயிர் மாதிரி ரெண்டு கோடு விழுது ஐயா, போன கிழமை தொடங்கினது" எண்டார். போட்டுப் பாத்தன். வெள்ளைப் பின்னணி வரேக்க படுக்கையா ரெண்டு மெல்லிய கோடு, உத்துப் பாத்தால்தான் தெரியும்.

அது பழுது இல்லை தம்பி. ட்ரினிட்ரொன் குழாய்க்குள்ள மற்றக் குழாயளில இருக்கிற ஓட்டைத் தகடுக்குப் பதிலா மேல இருந்து கீழ இழுத்துக் கட்டின மெல்லிய கம்பிகள்தான் இருக்கும், வீணைத் தந்தி மாதிரி. அது அதிராம இருக்கிறதுக்கு குறுக்கால இன்னும் மெல்லிய கம்பி போட்டிருப்பான். அந்தக் கம்பிட நிழல்தான் கோடு. 1968ல சோனி அந்த வகைக் குழாயைக் கொண்டு வந்த நாளில இருந்து அது அப்பிடித்தான். இவர்ட ரீவியிலயும் பெட்டி பிரிச்ச அண்டைக்கே இருந்திருக்கும், அவர் பத்துப் பன்னிரண்டு வருஷமா அதுக்கு முன்னால இருந்து கிரிக்கெட் பாத்திருக்கிறார், காணேல்ல.

நான் கேட்டன், அயலுக்குள்ள ஆரும் புது ரீவி வாங்கினவையோ எண்டு. ஆள் முழிச்சார். பக்கத்து வீட்டில போன கிழமைதான் எல்ஈடி வந்ததாம்.

உண்மையைச் சொன்னன், அவர் நம்பேல்ல. "இல்லை ஐயா, முந்தி இல்லை" எண்டு ஒரே பிடி. சரி எண்டு பின்மூடியைக் கழட்டித் தூசி ஊதி, முன் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, கொன்ட்ராஸ்டை ஒரு நூல் கூட்டி விட்டன். 200 ரூபா வாங்கினன். "இப்ப கோடு குறைஞ்சிருக்கு" எண்டு சொல்லிக் கும்பிட்டிட்டுக் கொண்டு போனார். கோடு அப்பிடியே இருந்தது. கொஞ்ச வருஷத்தில அதை வித்திட்டு அவரும் எல்ஈடிதான் எடுத்தவர், அது வேற கதை.

ஒருக்கா உங்கட கமராவை முழுசாத் துடைச்சுப் பாருங்கோ.

ஆல்ட்டோக்காரன்

ஐயா சொன்னது அப்பிடியே நம்ம நாட்டுக்கே நடந்தது எண்டு நான் சொல்லுவன். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள் எல்லோ, 2025 பெப்ரவரி வரைக்கும் பிரைவேட் வாகனம் பெரிசா ஒண்டும் வரேல்ல. அந்த அஞ்சு வருஷமும் என்ட ஆல்ட்டோ 800ஐ நான் பாத்த பார்வை வேற. றோட்டில புதுசு எண்டு ஒண்டு இல்லை, எல்லாற்ற வாகனத்துக்கும் வருஷத்துக்கு ஒரு வயசு போகுது, சேர்ந்து கிழடாகிறம், அதில ஒரு நிம்மதி. அதைவிட வாங்கின விலைக்கு மேலால கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஆள் வந்தது. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டுக்கு காருக்கு கிழமைக்கு 20 லீற்றர் தரேக்க, பெரிய ஜீப் வைச்சிருந்தவன் வீட்டில நிக்க நான் அந்த 20 லீற்றரில கிழமை முழுக்க ஓடித் திரிஞ்சனான். ஆல்ட்டோவுக்கு மாலை போடாத குறைதான்.

இப்ப? இறக்குமதி திறந்து முதல்ல உள்ள வந்ததுகளில ஒண்டு, சீனாக்காரன்ட எலெக்ட்ரிக் கார், உவர்மலை ஏத்தத்தில என்னைக் கடந்து போச்சு. சத்தமே இல்லை. நான் செக்கண்ட் கியரில உறுமிக்கொண்டு நிக்கிறன். அண்டையில இருந்து எனக்கு என்ட காரில இருக்கிற ஒவ்வொரு கிறீச்சும் கேக்குது, மனுசி "இது முந்தியும் கேட்டதுதானே" எண்டுறா, எனக்கு விசர் வருது.

அஞ்சு வருஷமா கார் என்னத்தைக் குறைச்சது, ஒண்டுமில்லை. பக்கத்தில ஓடினது மாறிச்சு, அவ்வளவுதான். ஆனா இதைத் தெரிஞ்சு வைச்சும் ராவில போனில விலை பாக்கிறதை நிப்பாட்டேலாமக் கிடக்கு.

ரீச்சர்_பாலையூத்து

உளவியலில இதைப் பற்றிப் பழைய ஆய்வு ஒண்டு இருக்கு. 1978ல பிரிக்மன் எண்டவரும் கூட ரெண்டு பேரும் அமெரிக்காவில லொத்தர் விழுந்த 22 பேரைக் கேட்டிருக்கினம். சந்தோஷத்தில அவை மற்ற ஆக்களை விடப் பெரிசாக் கூடவும் இல்லையாம், அதைவிட முக்கியம், காலைச் சாப்பாடு, நண்பரோட கதைக்கிறது, பகிடி கேக்கிறது மாதிரி சின்னச் சின்ன விசயங்களில மற்ற ஆக்களை விட ருசி குறைவா இருந்திருக்கு. உச்சம் ஒண்டைத் தொட்டால் நடுவில இருந்தது பள்ளமாத் தெரியும். மான்கண்ணன், உங்களுக்கு விழுந்தது அரை மணித்தியால லொத்தர்.

பழகிப் போறதுக்குப் புதுசும் விலக்கில்லை எண்டதையும் யோசியுங்கோ. இதே டி750ஐ 2017ல பெட்டி பிரிக்கேக்க எப்பிடி இருந்தது, ஞாபகமா?

கிண்ணியா வள்ளம்

எல்லாரும் மனசு மனசு எண்டு மனசையே குத்தஞ் சொல்லுறீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்லப்போறன், கோவிக்கப்படாது.

எங்கட வாப்பா கடல் தொழில். டூ ஸ்ட்ரோக் மெசின், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துற வகை. முப்பது வருசம் அந்தப் பொகைக்குள்ளயும் சத்தத்துக்குள்ளயும் இருந்தவர். வீட்டுக்கு வந்தா உம்மா ஒண்டைச் சொன்னா ரெண்டாந் தரம் சொல்லணும், நாங்க அதை வாப்பாட கொணம் எண்டு நினைச்சிருந்தம். ஒரு நாள் நிலாவெளிப் பக்கம் புறாத்தீவுக்கு ஆள் ஏத்துற போட் ஒண்டில சத்தம் கொறஞ்ச ஃபோர் ஸ்ட்ரோக் மெசின் பூட்டி இருந்திச்சி, தெரிஞ்ச பொடியன், வாப்பாவையும் ஏத்திக்கிட்டுப் போனான். திரும்பி வந்து வாப்பா கரையில குந்தி இருந்து சொன்ன ஒரே பேச்சு, "தண்ணி சத்தம் கேக்குதுடா" எண்டு.

இதுக்கு என்ன சொல்லுவீங்க? அவருக்கு முன்னுக்கு குறை தெரியல்ல, திருப்தியா இருந்தார் எண்டது சரி. ஆனா காது போனதும் உண்மைதானே. ரீவியில கோடு வேற, இது வேற. புதுசைப் பாத்தாத்தான் பழசு நம்மளை என்ன செஞ்சது எண்டு வெளங்குற எடமும் இரிக்கி.

மாத்தினாரா எண்டு கேப்பீங்க. இல்ல. 2022 ஆகஸ்ட்ல மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஏறின நேரம் தொழிலே நிண்டுபோச்சி, அதுக்குள்ள புது மெசினுக்கு எங்க போறது, அதுவும் பெட்ரோல் குடிக்கிற மெசின். இப்ப பழைய மெசினோடதான் போறார், காதுக்குப் பஞ்சு வெச்சிக்கிட்டு. ஜிபிஎஸ் மட்டும் நான் வாங்கிக் குடுத்தன். அதையும் பையில போட்டு வெச்சிட்டு கோணேசர் மலைய ஒரு பக்கம், வெளிச்சவீட்ட ஒரு பக்கம் பாத்துத்தான் எடம் புடிக்கிறார், பொறகு மெல்லமா எடுத்து ஜிபிஎஸ்ல சரியா எண்டு பாக்கிறதை நான் கண்டிரிக்கன் 😀

அதால தம்பி, கமரா உங்கட முதுகை முறிக்குதா, படத்தைக் கெடுக்குதா எண்டு பாருங்க. இல்லாட்டி சும்மா இரிங்க.

மான்கண்ணன்

எல்லாருக்கும் நன்றி. கிண்ணியா அண்ணே, தண்ணிச் சத்தம் எண்டதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான்.

நீங்க சொன்னபடி பாத்தன். உப்புவெளிக் கலியாணத்துக்குச் சித்தப்பாட மகனும் தன்ட சோனியோட வந்து பக்கத்தில நிண்டு எடுத்தவன், அதால ரெண்டு பேற்ற படத்தையும் ஒரே அளவில பிரிண்ட் போட்டுப் பொம்பிளைட அம்மாட்டக் குடுத்தன், எது எதில எடுத்தது எண்டு சொல்லேல்ல. அவ ரெண்டையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சு நல்ல நேரம் பாத்தா. நான் கண்ணிட கூர்மையைச் சொல்லப்போறா எண்டு காத்துக்கொண்டு நிக்கிறன். "தம்பி, ரெண்டிலயும் என்ட சாறி மங்கலா விழுந்திருக்கு, இது அரக்கு நிறம் எல்லோ" எண்டா. அவ்வளவுதான். மருமகனை அவ பாக்கவே இல்லை.

ஒண்டு மட்டும் உண்மையா சோனியில கூட இருந்தது: சின்னப் பிள்ளையள் ஓடுப்படுற படங்கள். என்னட்ட பத்துக்கு நாலு தேறும், அவனிட்ட பத்துக்கு ஒம்பது. முதுகு முறியேல்ல, ஆனா ஆறு படம் போகுது. அதுக்காக மட்டும் எண்டால் நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம் எண்டு கொழும்பில ஒருத்தர் சொல்லுறார். இந்த வருஷம் அப்பிடிப் பாப்பம், கடன் வேண்டாம். அம்மாட காப்பை இன்னொருக்காக் கேக்க எனக்கு முகமும் இல்லை.

சோல்டர் ஐயா, நீங்க சொன்னீங்கள் எண்டு நேற்றிரவு கமராவை முழுசாத் துடைச்சனான். லென்ஸைக் கழட்டி ஊதி, பட்டன் இடுக்கெல்லாம் பிரஷ் போட்டு. இப்ப வியூஃபைண்டருக்குள்ள வலது பக்க மூலையில ஒரு கறுப்புத் தூசி தெரியுது. இது முந்தி இல்லை.

சோல்டர் ஐயா

முந்தியும் இருந்தது தம்பி. அது போகஸ் ஸ்க்ரீன் எண்டு வியூஃபைண்டருக்கு உள்ள இருக்கிற தட்டில நிக்கிற தூசி, படத்தில விழாது. பஞ்சு, துணி ஒண்டும் உள்ள விடாதீங்கோ, கீறிப்போடும்.

ஆல்ட்டோக்காரன்

200 ரூபா குடுத்தால் குறைஞ்சிரும் 😄