பழைய டிரான்ஸ் சிடிக்களைக் காப்பாற்ற உதவுங்கள்

குன்னூர், வெலிங்டன் நண்பர்களுக்கு வணக்கம். அண்ணன் பெங்களூரில் சேர்த்த டிரான்ஸ் (ஒருவகை எலக்ட்ரானிக் நடன இசை) சிடிக்கள் என்னிடம் இருக்கின்றன. டிஜே பால் ஓக்கன்ஃபோல்ட் 1998-இல் பாடல்களைக் கோத்து மிக்ஸ் செய்த 'டிரான்ஸ்போர்ட்', 1999-இல் டிஜே டியெஸ்டோ தொடங்கிய 'இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்' வரிசையில் சில. இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது.

இந்த சிடிக்களில் ஒரு பாடல் முடியும் முன்பே அதன் தாளத்தின் மேல் அடுத்தது ஏறிவிடும். ஒரு மணி நேரமும் ஒரே ஓட்டம். பாடல் பாடலாக எம்பி3 ஆக்கினால் ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்து அந்த ஓட்டம் அறுந்துபோகிறது. எனக்கு அது தாங்கவில்லை. முழு சிடியையும் ஒரே ஃபிளாக் (ஒலித்தரம் குறையாத வடிவம்) கோப்பாக, எந்தப் பாடல் எங்கே தொடங்குகிறது என்று குறிக்கும் கியூ கோப்போடு எடுக்க வேண்டும். என் லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை.

யாரிடமாவது நல்ல டிரைவ் இருக்கிறதா? கோத்தகிரி என்றாலும் நானே எடுத்து வருகிறேன். அப்புறம், கீறல் விழாமல் பூஞ்சையைத் துடைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தனிப்பாடல்களின் லிங்க் வேண்டாம், டிஜே கோத்த வரிசைதான் வேண்டும்.