வற்றிய குட்டையின் மண்ணில் உயிரணுக்கள் எப்படிப் பிழைத்திருக்கின்றன?

கேள்வி: குடியாத்தம் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஏரிக்குக் கீழே உள்ள சிறு குட்டை மாசி மாதத்திலேயே வற்றிவிடும். கத்திரி வெயில் தொடங்கியபின் அதன் அடிமண் பாளம் பாளமாக வெடித்து, வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். வேலூர் வட்டாரத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 40 பாகையைத் தாண்டாத கோடை இங்கே அரிது. ஆனாலும் மழை பெய்து அதில் நீர் தேங்கியவுடன், புதைந்திருந்த நத்தைகள் மேலே வருகின்றன. அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில், ஒளி ஊடுருவும் உடலும் இருபுறமும் வரிசையாக அசையும் கால்களும் கொண்ட, மல்லாந்தே நீந்துகிற இறால் போன்ற உயிர்கள் கூட்டமாகத் தென்படுகின்றன. இந்தக் குட்டைக்கு எங்கிருந்தும் வாய்க்கால் வருவதில்லை. ஆகவே அவை அந்த மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும்.

மீனைக் காயவைத்தால் கருவாடாகிறது; அதைத் திரும்ப நீரில் இட்டால் ஊறுமே தவிர உயிர்பெறாது. அப்படியிருக்க, இந்த உயிர்களின் உடலணுக்கள் மட்டும் காய்ந்தும் கெடாமல் இருப்பது எவ்வாறு? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் என் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வேன்.

மறுமொழி: காட்பாடி, விலங்கியல் ஆசிரியை

வணக்கம் ஐயா. உங்கள் குட்டையில் வெவ்வேறான இரண்டு வழிகள் செயல்படுகின்றன. அவற்றைக் கலந்துவிடாமல் பிரித்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும்.

நத்தை உண்மையில் காய்வதே இல்லை. அது ஈரமண்ணுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு, உடலின் இயக்கத்தை மிகவும் குறைத்து, உள்ளிருக்கும் நீரைக் காத்துக்கொள்கிறது. நீரில் வாழும்போது கழிவை அமோனியாவாக வெளியேற்றும் நம் ஆப்பிள் நத்தை, கோடை உறக்கத்தில் அதையே யூரிக் அமிலமாக மாற்றி உடலுக்குள் சேர்த்துவைக்கிறது. அமோனியா சேர்ந்தால் உயிரணுக்களுக்கு நஞ்சாகும். யூரிக் அமிலம் எளிதில் கரையாதது, அதனால் அதிகம் தீங்கு செய்யாதது. நீரைச் செலவிடாமல் நஞ்சையும் தவிர்க்கும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பெருவியப்பாகவே இருக்கிறது.

நீங்கள் கண்ட மல்லாந்து நீந்தும் உயிர், வருணனையை வைத்துப் பார்த்தால் ஃபேரி ஷ்ரிம்ப். அதன் கதை முற்றிலும் வேறு. குட்டை வற்றும்போது வளர்ந்தவை எல்லாம் மடிந்துவிடும். மண்ணில் எஞ்சுவது தடித்த ஓடுடைய முட்டைகள் மட்டுமே. அவற்றுக்குள் கரு ஓரளவு வளர்ந்த நிலையில் நின்று, ஏறத்தாழ முழுவதுமாகவே காய்ந்துவிடுகிறது.

உயிரணு காயும்போது என்ன கெடுகிறது என்பதே உங்கள் கேள்வியின் மையம். உயிரணுவின் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அவற்றின் தலைப்பகுதிகளுக்கு இடையே நீர் மூலக்கூறுகள் பிணைந்து நின்று அவற்றை உரிய இடைவெளியில் வைத்திருக்கின்றன. நீர் போனால் அவை நெருக்கியடித்து இறுகிவிடும். மறுபடி நனையும்போது சவ்வில் கசிவு ஏற்பட்டு உள்ளிருப்பது வெளியேறும். புரதங்களும் தம் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவாட்டில் இந்தச் சேதமெல்லாம் நிகழ்ந்துவிடுகிறது. காய்ந்து பிழைக்கும் உயிர்கள் பலவும் டிரெகலோஸ் என்ற சர்க்கரையை ஏராளமாகச் சேர்த்துக்கொள்கின்றன. அது நீர் இருந்த இடத்தில் தானே பிணைந்து நின்று சவ்வையும் புரதங்களையும் தாங்குகிறது. மேலும் காயக்காயப் படிகமாகாமல் கண்ணாடி நிலையில் உறைந்து, உள்ளுறுப்புகள் அனைத்தையும் அசையாமல் நிறுத்திவைக்கிறது. குளுக்கோஸ் மிகுதியாக இருந்தால் நாளடைவில் புரதங்களோடு வினைபுரிந்து அவற்றைக் கெடுத்துவிடும். டிரெகலோஸ் அவ்வாறு எளிதில் வினைபுரியாது.

மறுமொழி: ஆற்காடு, வண்ணமீன் வளர்ப்பவர்

அம்மா சொன்னதைக் கண்ணாலேயே காணலாம். மீன்குஞ்சுகளுக்கு இரையாக நாங்கள் வாங்கும் ஆர்ட்டீமியா, ஃபேரி ஷ்ரிம்ப்பின் நெருங்கிய உறவு; அதன் காய்ந்த முட்டைகள் டப்பாவில் அடைத்து விற்கப்படுகின்றன. விரலால் தொட்டால் பழுப்புத் தூளாக ஒட்டும். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒவ்வொரு மணியும் நடுவில் குழிவிழுந்து ஒடுங்கியிருக்கும். உப்புநீரில் இட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் அந்தக் குழி மறைந்து உருண்டையாகிவிடும். 28 பாகை வெப்பமும் வெளிச்சமும் காற்றும் கிடைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் ஓடு பிளந்து, செம்மஞ்சள் நிறக் குஞ்சு நீந்தத் தொடங்கும். உள்ளே சுமார் 4000 உயிரணுக்கள் கொண்ட கரு அதுவரை வளராமல் காத்திருந்தது என்பதை எண்ணினால், அந்தத் தூளை வீணாகச் சிந்துவதற்கே மனம் வராது.

மறுமொழி: வேலூர், உயிர்வேதியியல் ஆய்வு மாணவர்

ஆசிரியை அவர்களின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் எல்லாப் பெருமையையும் டிரெகலோஸுக்கே கொடுத்துவிடக் கூடாது. காய்ந்து பிழைப்பதில் பெயர்பெற்ற டெல்லாய்டு ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்குகளில் அந்தச் சர்க்கரை காணப்படவில்லை. நீர்க்கரடிகள் எனப்படும் எட்டுக்கால் நுண்விலங்குகள் பலவற்றிலும் அது மிகக் குறைவு. அவை காயும்போது சில தனிவகைப் புரதங்களே களிபோல் இறுகி உயிரணுவைத் தாங்குகின்றன. ஆர்ட்டீமியாவிலும் சர்க்கரையோடு, பிற புரதங்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் துணைப்புரதங்கள் நிறைய உள்ளன. நீர்க்கரடியின் ஒரு சிற்றினத்திலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் விவரித்த டிசப் என்ற புரதம் டி.என்.ஏ.வோடு இணைந்து நிற்கிறது. வளர்ப்பு ஊடகத்தில் இருந்த மனித உயிரணுக்களில் அதை உண்டாக்கியபோது, எக்ஸ் கதிரால் டி.என்.ஏ.வுக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

எனக்கு இதில் மிக முக்கியமாகத் தோன்றுவது, இந்தப் பாதுகாப்பு உடலில் எந்நேரமும் தயாராக இருப்பதில்லை என்பதே. வட நைஜீரியாவின் பாறைக்குழிகளில் வாழும் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்ற கொசுபோன்ற பூச்சியின் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது மெதுவாக, இரண்டு நாள் அளவில் காய்ந்தால், தன் காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை டிரெகலோஸ் உண்டாக்கிக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்தும் உயிர்பெறும். அதே புழுவைச் சில மணி நேரத்தில் காயவைத்தால் சர்க்கரை சேர்வதற்குள் நீர் போய்விடுவதால் அது இறந்துவிடும். உயிரணுவைக் காப்பது, கேடு முற்றுவதற்குள் முடித்துவிடும் ஆயத்தம்.

வெப்பத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 1962-இல் இத்தாலியரான ஃபெருச்சியோ ரிட்டோஸா, பழ ஈயின் குரோமோசோம்கள் சூடு பட்டவுடன் சில இடங்களில் உப்புவதைப் பதிவு செய்தார். அந்த இடங்களிலிருந்து உருவாகும் புரதங்களே பின்னர் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப் பெயர்பெற்றன. மடிப்புக் குலையும் புரதங்களைப் பிடித்து நிறுத்தி, மறுபடி மடிய உதவுவது அவற்றின் வேலை. கோழியிலும் மாட்டிலும் மனிதரிலும் அவை உண்டு. பெரும்பாலான விலங்குகள் சூடுபட்ட பிறகே அவற்றைப் பெருமளவு உண்டாக்கும். சகாராவின் வெள்ளி எறும்போ, சுட்டெரிக்கும் மணலுக்கு இரைதேடப் புறப்படும் முன்பே அவற்றைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது.

உங்கள் குட்டையின் முட்டைகள் சுடுமண்ணிலும் பிழைப்பதற்குக் காரணம் அவை முழுக்கக் காய்ந்திருப்பதே. நீர் உள்ள உயிரணுவைக் கெடுத்துவிடும் வெப்பம், அசைவற்று உறைந்துள்ள காய்ந்த உயிரணுவை அவ்வளவு எளிதில் கெடுப்பதில்லை.

குடியாத்தம் விவசாயி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதையொட்டி ஓர் ஐயம் உண்டு. இவ்வாண்டு கோடையில் அந்தக் குட்டையைத் தூர்வாரி, வண்டலை நிலத்துக்கு அடிக்கப் போகிறோம். அப்படிச் செய்தால் இந்த முட்டைகள் எல்லாம் போய்விடுமா?

மறுமொழி: காட்பாடி, விலங்கியல் ஆசிரியை

பெரும்பகுதி போய்விடும் ஐயா, ஏனெனில் உயிருள்ள முட்டைகளில் பெரும்பாலானவை மேல்மண்ணின் சில சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கின்றன. ஆழத்தில் புதைந்தவை நீர் தேங்கினாலும் பொரிவது கடினம். வண்டல் நிலத்துக்கு நல்லது, தூர்வாருவதும் வேண்டியதே. ஆயினும் குட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் தொடாமல் விடுங்கள். அது முடியாவிட்டால், மேல்மண்ணைச் சில கூடைகள் முதலில் தனியே வழித்து நிழலில் உலர்வாக வைத்திருந்து, வேலை முடிந்தபின் அடியில் பரப்பிவிடலாம். எல்லா முட்டைகளும் முதல் மழையிலேயே பொரித்துவிடுவதில்லை; ஒரு பகுதி அடுத்தடுத்த மழைகளுக்காகத் தங்கிவிடும். ஆகவே சிறிதளவு மண்ணிலும் பல ஆண்டுகளின் முட்டைகள் கலந்திருக்கும். குட்டையில் மீன் விட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மீன் உள்ள நீரில் ஃபேரி ஷ்ரிம்ப் தங்காது.