அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் வேண்டுமா, வேண்டாமா?

கரும்பலகை

வேறொரு இழையில் ஒரு நண்பர், “வளரும் நாடு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் செலவு செய்தால் போதும், பல்கலைக்கழகம் போகிறவர் சொந்தப் பணத்தில் படிக்கட்டும்” என்று எழுதியிருந்தார். அங்கே மறுத்து எழுதினால் பேச்சு திசைமாறிவிடும். அதனால் தனி இழை.

இது பழைய வாதம். 1986ல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. ஆரம்பப் பள்ளியில் போடும் பணம் சமூகத்துக்கே பலன் தரும், பட்டப்படிப்பின் பலன் பெரும்பாலும் படித்தவருக்கே போகும், ஆகவே கட்டணம் வையுங்கள், கடன் கொடுங்கள் என்றது. கடன் சுமையில் தவித்த ஆப்பிரிக்க நாடுகளால் அந்த யோசனையைத் தட்ட முடியவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு வந்த பணம் சுருங்கியது. நூலகங்களில் புதிய இதழ்கள் வாங்குவது நின்றது. நல்ல பேராசிரியர்கள் பலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். 2000ல் உலக வங்கியும் யுனெஸ்கோவும் சேர்ந்து கூட்டிய குழுவே, பட்டதாரியின் கூடுதல் சம்பளத்தை மட்டும் வைத்துப் பலனை அளந்தது குறுகிய கணக்கு என்று எழுதியது.

பள்ளிக்கு முன்னுரிமை என்கிறீர்களே, அந்தப் பள்ளிக்கு ஆசிரியரை உருவாக்குவது எது? ஊர் மருத்துவமனைக்கு மருத்துவரை அனுப்புவது எது? என் நிலைப்பாடு: அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே கூடாது. வரியிலிருந்து நடத்தட்டும்.

பேரேடு

மறுக்கிறேன். கட்டணம் இல்லை என்றால் ஏழைக்கு நல்லது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். பிரேசிலைப் பாருங்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது. ஆனால் இடம் குறைவு, நுழைவுத்தேர்வு கடினம். வசதியான வீட்டுப் பிள்ளை பணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்து, தேர்வில் முந்தி, இலவசப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை பகலில் வேலை பார்த்து, இரவில் தனியார் கல்லூரியில் பணம் கட்டிப் படித்தது. பல பத்தாண்டுகள் இதுதான் நிலை.

வரியிலிருந்து நடத்தட்டும் என்கிறீர்கள். யாருடைய வரி? பல வளரும் நாடுகளில் வரி வருவாயில் பெரும்பங்கு, பொருள் வாங்கும்போது எல்லோரும் கட்டும் மறைமுக வரி. பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்ட கூலித் தொழிலாளியும் அதைக் கட்டுகிறார்.

கரும்பலகை

பிரேசிலுக்கு வந்த தீர்வையும் சொல்லுங்கள். 2012ல் சட்டம் போட்டு, மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் பாதி இடத்தை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒதுக்கினார்கள். கட்டணம் விதிக்கவில்லை. கதவைத்தான் திறந்தார்கள்.

மாலைவகுப்பு

இருவருக்கும் வணக்கம். நான் முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன், இப்போது ஓய்வு. கட்டணம் மாணவரை என்ன செய்கிறது என்றே பேசுகிறீர்கள். பல்கலைக்கழகத்தை என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை.

உகாண்டாவின் மக்கெரேரே 1922ல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிப் பிறகு வளர்ந்த பல்கலைக்கழகம், ஒரு காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே பெருமை. அரசுப் பணம் வற்றியதும், 1992 முதல் கட்டணம் கட்டும் மாணவர்களைச் சேர்த்தார்கள், மாலை வகுப்புகளும் தொடங்கின. சில ஆண்டுகளில் கட்டணம் கட்டுகிறவர்களே பெரும்பான்மை. பணம் வந்தது, கட்டடங்கள் சீரானது, சம்பளம் நேரத்துக்குக் கிடைத்தது. உலகமே பாராட்டியது.

அப்புறம்? எந்தப் பாடத்துக்கு ஆள் வருமோ அந்தப் பாடத்தைத் துறைகள் போட்டி போட்டுத் தொடங்கின. ஒரே மாதிரிப் பட்டங்கள் வெவ்வேறு பெயரில் வந்தன. ஆராய்ச்சி பின்னுக்குப் போனது. அங்கேயே பேராசிரியராக இருந்த மஹ்மூத் மம்தானி இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கட்டணம்தான் சோறு என்று ஆகிவிட்டால், ஆள் சேராத தத்துவமும் தாவரவியலும் முதலில் சாகும். நான் கற்பித்த இடத்திலும் ஆள் சேராத பாடம் ஒன்றை மூடிய நாளைப் பார்த்தவன். அந்த அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.

பேரேடு

மாலைவகுப்பு ஐயா, நீங்கள் சொல்வது வாசலிலேயே வாங்கும் கட்டணம். அதை நானும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1974 முதல் கட்டணமே இல்லாமல் இருந்தது. 1989ல் புது முறை கொண்டுவந்தார்கள். பொருளியலாளர் புரூஸ் சாப்மன் வகுத்தது. படிக்கும்போது கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம். பட்டம் முடித்து, சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். வேலை போனால் பிடித்தம் நிற்கும். வட்டிக்கடைக்காரர் யாரும் கதவைத் தட்ட மாட்டார். இதில் என்ன தவறு?

நெடுவழி

தவறு எதுவும் இல்லை, ஆஸ்திரேலியாவில். பணம் வசூலிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த முறையின் உயிர் பல்கலைக்கழகத்தில் இல்லை, வரி அலுவலகத்தில் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை மாறினாலும் தெரிய வேண்டும். வளரும் நாடுகளில் உழைப்பவர்களில் மிகப் பலருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. பட்டதாரிகளிலும் கடை வைத்தவர், தனியாகத் தொழில் செய்பவர், ரொக்கத்தில் கூலி வாங்குபவர் உண்டு. அவர்கள் வருமானம் எந்தப் பதிவிலும் ஏறாது. அப்போது பிடித்தம் யாரிடம் நடக்கும்? மாதச் சம்பளம் வாங்கும் பள்ளி ஆசிரியரிடமும் செவிலியரிடமும். அதிகம் சம்பாதிக்கிற வணிகர் தப்பிவிடுவார்.

செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன. எத்தியோப்பியா 2003ல் பட்டதாரி வரி என்ற பெயரில் கொண்டுவந்தது. வேலை கொடுப்பவர் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்ட வேண்டும். கட்டமைப்பு அழகானது. ஆனால் வேலை கொடுப்பவரே இல்லாத பட்டதாரியிடம் அது எப்படிச் செல்லும்? தாய்லாந்து 2006ல் வருமானம் சார்ந்த கடனைத் தொடங்கி, ஆட்சி மாறியதும் கைவிட்டது. வெளிநாட்டுக்குப் போய்விட்ட மருத்துவரிடமிருந்தும் பொறியாளரிடமிருந்தும் வசூலிக்க எந்த நாட்டுக்கும் எளிதான வழி இல்லை.

கென்யா ஓரளவு தேறியிருக்கிறது. 1974ல் தொடங்கிய கடன் திட்டத்தில் திரும்பி வந்தது மிகக் குறைவு. 1995ல் தனி வாரியம் அமைத்து, கடன் வாங்கிய ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பதை நிறுவனங்களுக்குச் சட்டக் கடமையாக்கிய பிறகுதான் வசூல் நிமிர்ந்தது. அந்த வேலைக்கு இருபது ஆண்டு பிடித்தது. பேரேடு அவர்களே, உங்கள் திட்டத்தில் அந்த இருபது ஆண்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பதை எழுதுங்கள். கடன் கொடுப்பது இன்று, திரும்பி வருவது பதினைந்து வருடம் கழித்து. நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பப் போவதும் வரிப்பணம்தான்.

பேரேடு

நியாயமான கேள்வி. நிரப்ப வேண்டியது அரசுதான். ஆனால் ஒரு பகுதியாவது திரும்பி வருமே. முழு இலவசத்தில் எதுவும் வராது. வங்கியிடம் மட்டும் விடக்கூடாது, அதில் நான் உறுதி. சிலியில் அரசு உத்தரவாதத்தோடு வங்கிகள் மாணவர்களுக்குக் கடன் கொடுத்தன. 2011ல் மாணவர்கள் மாதக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அடுத்த ஆண்டு வட்டியை 2 சதவீதத்துக்கு இறக்க வேண்டியதாயிற்று.

கரும்பலகை

அதே சிலி 2016ல் என்ன செய்தது? வருமானத்தில் கீழே உள்ள பாதிப்பேருக்குக் கட்டணத்தை நீக்கியது, பிறகு அதை 60 சதவீதமாக்கியது. பணத்துக்காக 2014லேயே வரிச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. மனம் இருந்தால் வரியில் வழி இருக்கிறது.

முதல்பட்டதாரி

ஐயாமார்களே, அண்ணன்மார்களே, கொஞ்சம் என் பக்கமும் பாருங்கள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எனக்குக் கட்டணம் இல்லை, அரசு விலக்கு கிடைத்தது. ஆனாலும் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடப் பார்த்தேன். காரணம் விடுதிப் பணம், சாப்பாடு, வண்டிச் செலவு. அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு, எந்த ரசீதிலும் வராது: நான் வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் மாதக் கூலி. அம்மா ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உதவித்தொகை அறிவித்தார்கள், வந்தது எட்டு மாதம் கழித்து. அந்த எட்டு மாதம் தாங்க முடியாமல் என்னோடு சேர்ந்த இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். அவர்களுக்கும் கட்டணம் இல்லைதான்.

சிலியின் இலவசமும் படிப்புக்கு வகுத்த ஆண்டுகளுக்குத்தான். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைக்கு ஒரு வருடம் கூடுதலாக ஆகத்தான் செய்யும். அவர்களுக்கு அங்கேயும் பிடி நழுவுகிறது.

மாலைவகுப்பு

மகளே, நீ சொன்ன எட்டு மாதம் என் நெஞ்சில் தைத்தது. அந்தத் தாமதத்தின் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். பல வளரும் நாடுகளில் பல்கலைக்கழகத்துக்கு அரசு பணம் தருவது தலைப்புத் தலைப்பாக. சம்பளத்துக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, ஆய்வகத்துக்கு இவ்வளவு. ஒரு தலைப்பில் மிஞ்சினாலும் இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. நிதியாண்டு முடிந்தால் மிச்சம் கருவூலத்துக்கே திரும்பும். ஆகவே கடைசி மாதத்தில் தேவையில்லாத நாற்காலி வாங்குவோம், பசித்திருக்கும் பிள்ளைக்கு முன்பணம் கொடுக்க முடியாது. மொத்தத் தொகையாகக் கொடுத்து, கணக்கை மட்டும் கறாராகக் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் புதிய பணமே வேண்டாம்.

பேரேடு

தங்கை சொன்னதை ஏற்கிறேன். முதல் பணம் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் போகட்டும், அதுவும் வகுப்பு தொடங்கும் முன்பே. ஆனால் அந்தப் பணம் வருவதற்காகவே, கட்ட முடிந்தவர் கட்ட வேண்டும் என்கிறேன்.

நெடுவழி

கட்ட முடிந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தென்னாப்பிரிக்காவில் 2015ல் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் எழுந்தார்கள். 2017 டிசம்பரில் அரசு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் இலவசம் என்று அறிவித்தது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்ற குடும்பங்கள் இலவசமும் இல்லாமல், கட்டவும் முடியாமல் மாட்டிக்கொண்டன. கென்யா 2023ல் குடும்ப நிலையைப் பார்த்து மாணவர்களைப் பல பிரிவாகப் பிரித்தது. ஏழையைத் தவறான பிரிவில் போட்டுவிட்டார்கள் என்று கொந்தளிப்பு எழுந்தது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த முறை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது, வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. வருமானம் தெரியாத நாட்டில் கடனும் தடுமாறும், சலுகையும் தடுமாறும். இரண்டுக்கும் நோய் ஒன்றுதான்.

பேரேடு

அப்படியானால் வருமானத்தை விட்டுவிடுவோம். பிரேசில் போலப் பள்ளியைப் பார்ப்போம். எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை யாரும் மறைக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்குக் கட்டிய குடும்பம், பல்கலைக்கழகத்துக்கும் அதே அளவு கட்டட்டும். அரசுப் பள்ளியிலிருந்து வருகிறவருக்குக் கட்டணமும் வேண்டாம், விடுதிப் பணமும் வேண்டாம்.

கரும்பலகை

இதுவரை நீங்கள் சொன்னதிலேயே நான் யோசிக்கத் தயாராக இருக்கும் ஒன்று இதுதான். இதற்கு வரி அலுவலகத்தின் தயவு தேவையில்லை, பள்ளிச் சான்றிதழ் போதும். அரசுப் பள்ளியை விட்டு ஓடும் நடுத்தரக் குடும்பங்களும் ஒருமுறை நின்று யோசிக்கும்.

முதல்பட்டதாரி

அண்ணா, என் தம்பி தனியார் பள்ளியில்தான் படிக்கிறான். அருகில் இருந்த அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இரண்டு வருடமாக இல்லை. அம்மா கம்மலை அடகு வைத்துத்தான் அவனைச் சேர்த்தார். உங்கள் சான்றிதழ் முறையில் அவன் வசதியான வீட்டுப் பிள்ளை.

பேரேடு

இதை நான் யோசித்திருக்கவில்லை, அம்மா. ஆசிரியர் இடம் காலியாக இருந்த பள்ளிகளின் பட்டியல் அரசிடம் இருக்கும். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு விலக்கு தர முடியுமா என்று பார்க்க வேண்டும். நாளை இன்னும் விவரமாக எழுதுகிறேன்.