கோலுக்குப் பின்னாலிருந்து பக்கைத் தூக்கிப் போடும் ‘மிச்சிகன்’ ஷாட்: விதிப்படி செல்லுமா?

நீலக்கோடு கேட்டது:

என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டங்களில் ஒரு வித்தை அடிக்கடி கண்ணில் படுகிறது. வலைக்குப் பின்னால் நின்று, பக்கை (ஐஸில் சறுக்கும் ரப்பர் வட்டு) ஸ்டிக்கின் பிளேடில், அதாவது அதன் தட்டையான அடிமுனையில், ஒட்டவைத்தது மாதிரி தூக்கி, போஸ்டை (கோல் கம்பம்) சுற்றிக் கொண்டுவந்து மேல்மூலையில் சொருகிவிடுகிறார்கள். ‘ஹை ஸ்டிக்’ (ஸ்டிக்கை அளவுக்கு மீறி உயர்த்துவது) என்று ரெஃப்ரி விசில் ஊத மாட்டாரா? ஷூட்அவுட்டில் (சமனான ஆட்டத்தை முடிக்க, ஒவ்வொருவராகக் கோலியை எதிர்த்துத் தனியாக அடிப்பது) 360 டிகிரி சுற்றுவதற்குத் தடை இருக்கிறதே, அப்படியென்றால் இதுவும் தடைதானே? எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் நல்லது.

விசில்காரர் பதில்:

செல்லும். ஆனால் இரண்டு உயரங்களை நினைவில் வைக்க வேண்டும், பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது தோள் உயரம். பக்கை பிளேடில் ஏந்திக்கொண்டு போகும்போது அது தோளுக்கு மேலே போனால் ஆட்டம் நிறுத்தப்படும். என்ஹெச்எல் விதி 80 லாக்ராஸ் (வலைக்கோலில் பந்தை ஏந்தி ஆடும் ஆட்டம்) பாணியில் ஏந்துவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தடை தோளுக்கு மேல் ஏந்துவதற்கு மட்டும்தான், ஏந்துவதற்கே அல்ல.

இரண்டாவது கிராஸ்பார் (கோலின் மேல் குறுக்குக் கம்பி) உயரம், அதாவது 4 அடி. கோல் அடிக்கும்போது பக்கும் ஸ்டிக்கும் தொடும் இடம் கிராஸ்பார் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். ஸ்டிக்கின் வேறு பகுதி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை, தொடும் புள்ளிதான் கணக்கு. ஸ்கேட் போட்டு நிற்கும் ஆளின் தோள் கிராஸ்பாரைவிட உயரம் என்பதால், நடைமுறையில் கழுத்தை நெரிப்பது இந்த இரண்டாவது விதிதான். மேல்மூலைக்குக் குறிவைக்கிறவருக்குக் கிடைப்பது சில அங்குல இடைவெளி.

சந்தேகம் வந்தால் வீடியோவில் பார்ப்பார்கள். படத்தில் தெளிவில்லை என்றால் ஐஸில் ரெஃப்ரி சொன்னதே நிற்கும்.

ஷூட்அவுட் கதை வேறு. முழுச்சுற்று சுற்றும் ஸ்பின்-ஓ-ராமாவை 2014-15 பருவத்திலிருந்து பெனால்டி ஷாட்டிலும் ஷூட்அவுட்டிலும் தடை செய்துவிட்டார்கள். சாதாரண ஆட்டத்தில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். அதே விதி 24 லாக்ராஸ் பாணித் தூக்கலை அனுமதிக்கிறது, மேலே சொன்ன இரண்டு உயரங்களுக்குள் இருந்தால். ஆனால் பெனால்டி ஷாட்டில் பக் எப்போதும் எதிரணியின் கோல் கோட்டை நோக்கியே நகர வேண்டும். ஆகவே வலைக்குப் பின்னால் போய்ச் செய்யும் வழியே இல்லை, முன்னால் வரும்போதே தூக்கியாக வேண்டும்.

டேப்சுருள் பதில்:

விதியை அவர் சொல்லிவிட்டார், செய்முறைக்கு வருகிறேன்.

பெயர் வந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக் லெக் 1996 மார்ச்சில், மினசோட்டாவுக்கு எதிரான என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஆட்டத்தில் அடித்த கோலால். 2011 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் பின்லாந்தின் மிக்கேல் கிரான்லுண்ட் ரஷ்யாவுக்கு எதிராக அடித்தார். என்ஹெச்எல்-இல் முதலில் அடித்தவர் கரோலைனாவின் ஆந்த்ரேய் ஸ்வெச்னிகோவ், 2019 அக்டோபர் 29 அன்று கால்கரிக்கு எதிராக.

பக் முதலில் கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும், சுழன்றுகொண்டிருந்தால் பிடி கிடைக்காது. பிளேடின் முன்கை (ஃபோர்ஹேண்ட்) முகத்தைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, ஹீலை (பிளேடு தண்டோடு சேரும் முனை) சற்றுத் தூக்கி, டோ பகுதியை (பிளேடின் நுனி) பக்கின் விளிம்பில் வைத்து அழுத்துங்கள். அழுத்தியபடியே மணிக்கட்டைச் சுழற்றி, ஒரே வீச்சில் பக்கவாட்டில் இழுத்துத் தூக்க வேண்டும். பக் எழுந்து பிளேடின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதை ஒட்டவைப்பது வேகமும் உராய்வும்தான். பிளேடு பக்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும்வரை விழாது, நடுவில் ஒரு கணம் தயங்கினால் விழுந்துவிடும். எனவே தூக்குவது, சுற்றுவது, சொருகுவது மூன்றும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். ‘தூக்கிட்டேன், இப்ப எங்க போடலாம்’ என்று யோசிக்க நேரமே கிடையாது.

வராமல் போவதற்குப் பெரும்பாலும் பிளேடில் சுற்றும் டேப்தான் காரணம். தேய்ந்து வழவழப்பான டேப்பில் பக் நழுவும். புது துணி டேப்பை டோ முனைவரை சுற்றி, மேலே வாக்ஸ் தேயுங்கள். பிசுபிசுப்பும் கிடைக்கும், பனித்தூளும் ஒட்டாது. பக்கின் மேலே பனித்தூள் இருந்தாலும் இதே நழுவல்தான். அடுத்த தப்பு கீழ்க்கையை இறுக்கிப் பிடிப்பது. அது தளர்ந்திருந்தால்தான் மணிக்கட்டு சுழலும். பயிற்சிக்குப் பந்து வேண்டாம், உண்மையான பக்கே வேண்டும். 1 அங்குலத் தடிமனுள்ள அந்த விளிம்பில்தான் முழு வேலையும்.

எந்தப் போஸ்ட் என்றால், வலைக்குப் பின்னால் மைதானத்தைப் பார்த்து நிற்கும்போது உங்கள் பிளேடு இருக்கும் பக்கத்துப் போஸ்ட். இடதுகை ஷாட்காரருக்கு இடப்பக்கம்.

முகமூடி பதில்:

கோலி பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. இந்த ஷாட் இத்தனை எடுபடுவதற்கு நாங்களும் ஒரு காரணம். பக் வலைக்குப் பின்னால் போனதும் இப்போது எல்லா கோலிகளும் ஆர்விஹெச் என்ற நிலைக்குப் போகிறோம்: போஸ்ட் பக்கக் காலின் பேடை (கால் கவசம்) ஐஸோடு ஐஸாகப் படுக்கவைத்துப் போஸ்டோடு ஒட்டிக்கொள்வது. கீழே ஊசி நுழையாது. ஆனால் தோளுக்கும் கிராஸ்பாருக்கும் நடுவே ஒரு சந்து திறந்து கிடக்கும். மிச்சிகன் குறிவைப்பது அதைத்தான்.

எதிராளி பின்னால் நின்று பிளேடைக் கவிழ்க்கிறார் என்று தெரிந்த உடனே எழுந்து, தோளைப் போஸ்டோடு அணைத்து, தலையை மூலைக்குக் கொண்டுவர வேண்டும். எழுந்தால் கீழே திறக்கும் என்பது அவருக்கும் தெரியும். தூக்குவதுபோல் பாவனை காட்டிவிட்டுத் தரையோடு சுற்றிப் போடுகிறவர்தான் உண்மையில் ஆபத்தானவர். அதனால் டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) பின்னால் துரத்தி ஓடாமல், அந்தப் போஸ்டருகே நின்று அவர் ஸ்டிக்கை அழுத்திப் பிடிப்பதே நல்லது.

நீலக்கோடு:

நன்றி. தோள் உயரம் என்றால், ஆள் குனிந்திருந்தால் அந்தக் குனிந்த உயரமா? சுற்றும்போது ஸ்டிக் கோலியின் முகத்தில் பட்டால்?

விசில்காரர்:

விதி சொல்வது தோளின் இயல்பான உயரம். குனிவதால் அளவு மாறாது.

முகத்தில் பட்டால் விஷயம் வேறு. தோளுக்கு மேலே எதிராளியைத் தொட்டால் ஹை ஸ்டிக்கிங், 2 நிமிடம் வெளியே உட்காரவைக்கும் மைனர் தண்டனை. காயம் ஏற்பட்டால் டபுள் மைனர், 4 நிமிடம். ஷாட் அடிக்கும் இயல்பான வீச்சில் தற்செயலாகப் பட்டதற்கு விலக்கு உண்டு, ஆனால் போஸ்டைச் சுற்றி வீசும் இந்த வீச்சு அதில் அடங்குமா என்பது ரெஃப்ரியின் தீர்ப்பு. நான் விலக்கை நம்பி வீச மாட்டேன். இன்னொன்று, சுற்றும்போது இடித்து வலையை நகர்த்திவிட்டு அதன்பின் பக் உள்ளே போனால் கோல் கிடைக்காது. உள்ளூர் லீக் என்றால் அதன் விதிப் புத்தகத்தையும் முதலில் பாருங்கள், நான் சொன்னது முழுக்க என்ஹெச்எல் விதி.