விண்ட்சர்ஃபிங் இணையதளங்களை மேசையில் உட்கார்ந்து மதிப்பிட முடியுமா?

முத்துநகர்க்காரி (மியூனிக்) கேட்டது:

தொழிலில் நான் இணையதள வடிவமைப்பாளர். பிறந்தது தூத்துக்குடி. கடலைப் பார்த்தே வளர்ந்தவள், முப்பத்தொன்பது வயதில், அதுவும் ஓர் ஏரியில்தான் முதன்முதலாக விண்ட்சர்ஃபிங் பலகையில், அதாவது காற்றில் ஓடும் பாய்மரப் பலகையில் ஏறினேன். "உப்புத்தண்ணீர் போதாதென்று நல்ல தண்ணீரிலும் விழப் போனாயா?" என்று அம்மா கேட்டாள். வட இத்தாலியின் கார்டா ஏரி அது. அதன் வடமுனையில் இருக்கும் டோர்போலே என்ற சின்ன ஊர். இரண்டு கோடைகளாகப் போய்வருகிறேன். நிற்கிறேன், திரும்புகிறேன், விழுகிறேன். பெரும்பாலும் விழுகிறேன்.

அங்கே பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருவர் தன் தளத்தைப் புதுப்பித்துத் தரக் கேட்டார். முதலில் மற்றவர்களின் தளங்களை மதிப்பிட்டு ஓர் அறிக்கை தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். டோர்போலே, ரீவா, மால்செசினே வட்டாரத்துத் தளங்கள் பதினொன்று. பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து விதிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிவேறுபாடு இருக்கிறதா, பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று வழக்கமான அளவுகோல்களை வைத்து மதிப்பெண் போட்டேன். பிப்ரவரி மாதம், 27 அங்குலத் திரை, பக்கத்தில் காப்பி. திரை முழுக்க ஒருவர் அலைமேல் பறக்கும் காணொளி வைத்த தளத்துக்கு முதலிடம் கிடைத்தது. மஞ்சள் பின்னணியில் மூன்று மொழிகளை நெருக்கியடித்து வைத்திருந்த ஒரு பழைய தளம் கடைசி.

ஜூன் மாதம் அதே பதினொன்றையும் கரையில் நின்றபடி கைப்பேசியில் திறந்தேன். என் பட்டியல் குப்புறக் கவிழ்ந்தது.

முதலிடத்துத் தளத்தின் காணொளி பாதி இறங்கி நின்றுவிட்டது. அதற்குள் குக்கிகளுக்கு அனுமதி கேட்கும் பட்டை வந்து அடிப்பக்கத்தை மூடியது. ஈர விரலுக்கு அதன் பொத்தான் அசையவில்லை. திரையில் விழுந்த ஒரு நீர்த்துளிதான் எனக்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னது. அழகுக்காக வைத்திருந்த வெளிர்சாம்பல் எழுத்து வெயிலில் காணாமல் போனது. கண்கூசாமல் இருக்கப் போட்டிருந்த போலராய்டு கண்ணாடியோ, கைப்பேசியைக் கிடையாகத் திருப்பியதும் திரை முழுவதையும் கருப்பாக்கிவிட்டது. இவ்வளவையும் தாண்டி நான் தேடியது நான்கே விஷயங்கள்: இன்று காற்று உண்டா, எத்தனை மணிக்கு, என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்குப் பலகை இருக்கிறதா, என்ன விலை. விலை, போன ஆண்டின் பி.டி.எஃப். கோப்பு ஒன்றுக்குள் கிடந்தது.

கடைசி இடத்து மஞ்சள் தளத்தின் முதல் வரி இது: "இன்று ஓரா, 1 மணிக்கு மேல், நடுத்தரம், தொடக்கநிலையினர் வரலாம்." அதன் கீழே தொலைபேசி எண். யாரோ காலையில் கையால் தட்டிவைத்த வரி.

ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்டாவில் பெயருள்ள இரண்டு காற்றுகள் உண்டு. விடியலிலிருந்து நண்பகல் வரை வடக்கிலிருந்து பெலேர். பகல் சூடேறியபின் தெற்கிலிருந்து ஓரா. டோர்போலே வடகரையில் இருப்பதால் ஓரா நம்மைக் கரைக்கே திருப்பித் தள்ளும். பெலேர் கரையிலிருந்து ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போகும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் முதல் கோடையின் மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். ஒரு தளத்தில் மேல்நோக்கிய அம்பு இருந்தது. காற்று வடக்கு நோக்கிப் போகிறது, எப்படியும் கரை சேர்த்துவிடும் என்று நினைத்துக் காலை எட்டரைக்குப் பாய் விரித்தேன். அந்த அம்பு காற்று *வரும்* திசையைக் காட்டும் அம்பு. கரையோரத்தில் காற்று மெலிதாக இருந்ததால் சந்தேகமும் வரவில்லை. கரையில் பள்ளிக் குடிலில் இருந்த பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் தளமே சொல்லிவிட்டதே! அரைமணி நேரத்தில் நடு ஏரியில் பலகைமேல் குப்புறப் படுத்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மீட்புப் படகு வந்தது. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது என்று நம்மூர் மீனவர் வீட்டுக் குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அம்புதான் புரியவில்லை.

இனி கேள்வி. இப்படிப்பட்ட தளத்தை எதை வைத்து மதிப்பிடுவது? கரையில் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மேசை மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாமா? புதியவர், கைதேர்ந்தவர் இருவருக்கும் ஒரே முகப்புப் பக்கம் போதுமா?

---

சோழகம் (கீல்) எழுதியது:

தங்கச்சி, இருபத்தைந்து வருடமாக பால்டிக் கரையில் பாய் பிடிக்கிறேன். பருத்தித்துறையில் பிறந்தவன். நடு ஏரியில் மிதந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். 1786 செப்டம்பரில் கதே என்ற பெருங்கவிஞரே டோர்போலேயிலிருந்து படகேறித் தெற்கே போகப் பார்த்து, எதிர்க்காற்றில் மால்செசினேயில் ஒதுங்க நேர்ந்தது. அவருக்கு வழிகாட்டத் தளமும் இல்லை, வழிகெடுக்க அம்பும் இல்லை.

நீங்கள் "தளம்" என்று ஒரே பெயரில் இரண்டு பொருளைச் சொல்கிறீர்கள். பள்ளியின் தளம் கடைவாசல். காற்றுநிலவரத் தளம் கருவி. வாசலை அழகுக்கும் அழைப்புக்கும் மதிப்பிடலாம். கருவியை அப்படிச் செய்யக்கூடாது. விண்ட்குரு என்ற காற்றுநிலவரத் தளத்தை முதன்முதலில் திறப்பவன் வண்ணக் கட்டங்களையும் எண்களையும் பார்த்துத் தலைசுற்றிப் போவான். எனக்கு அதில் பதினைந்து நொடி போதும். சராசரிக் காற்று 14 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), வீச்சு, அதாவது திடீரென ஓங்கி அடிக்கும் காற்று, 26 நாட் என்று மேலும் கீழுமாக இரண்டு எண் இருந்தால், பெரிய பாயைக் காரிலேயே விட்டுவிட்டு 5 சதுரமீட்டரை எடுக்கிறேன். இதைச் சிரித்த முகம், நட்சத்திரம் என்று மாற்றி "எளிமை" ஆக்கினால் அந்த இரண்டாம் எண் போய்விடும். என் தோள்பட்டைதான் விலை கொடுக்கும். நெருக்கமான பக்கத்தையெல்லாம் மோசமான வடிவமைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம் உங்கள் அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிகள் பலவும் ஏதாவது இலவச முன்கணிப்புப் பெட்டியை எடுத்து முகப்பில் ஒட்டிவைக்கின்றன. அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஜி.எஃப்.எஸ். என்ற அமெரிக்க வானிலைக் கணினி மாதிரி. ஒரு நாளைக்கு நான்கு முறை கணக்குப் போடும். பொதுவாக வெளியில் எடுத்தாளப்படும் அதன் கட்டம் கால் பாகைக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. வடமுனையில் கார்டாவின் அகலமோ நான்கு கிலோமீட்டர் வருமா? இருபுறமும் மலை. அந்தக் கட்டத்தின் கண்ணுக்கு ஏரியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. மலைச்சரிவு சூடாகி, ஏரியின் குளிர்ந்த காற்றை மேலே இழுப்பதால் பிறக்கும் ஓராவை அது எப்படிச் சொல்லும்? "ஐரோப்பாவின் சிறந்த காற்று" என்ற வாசகத்தின் கீழே "4 நாட்" என்று பெட்டி சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். அன்று பிற்பகல் 17 நாட் அடித்தது. இது எழுத்துரு, வண்ணம் சார்ந்த குறை இல்லை. பயன்பாட்டுக் குறைகளிலேயே பெரியது.

அலகையும் கவனியுங்கள். சிலர் நாட், சிலர் வினாடிக்கு மீட்டர், வடஜெர்மனிக்காரர்கள் போஃபோர்ட் என்ற காற்றுவலிமைப் படிநிலை. வினாடிக்கு 10 மீட்டர் என்பது 19 நாட்டுக்கு மேல். அலகு எழுதாமல் "10" என்று மட்டும் போட்டால், 10 நாட்தானே, எனக்கு ஏற்ற காற்று என்று கற்றுக்குட்டி இறங்கிவிடுவான்.

மஞ்சள் தளத்தில் கையால் தட்டிய வரியில் மயங்கிவிட வேண்டாம். ஜூலை நடுவில், அறுபது மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது அதை யார் மாற்றுவது? நேற்றைய வரி இன்றும் நின்றால் அது பொய். காற்றளவி வைத்திருக்கும் தளங்களிலும் இதே வியாதிதான்: "16 நாட்" என்று இருக்கும், எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்று இருக்காது. நேரம் அச்சாகாத கரைக்கேமராப் படமும் அப்படித்தான். நான் மதிப்பெண் போட்டால் முதல் கேள்வி, எண்ணுக்குப் பக்கத்தில் மணி இருக்கிறதா என்பதுதான்.

---

மொட்டைமாடி (சென்னை) எழுதியது:

அக்கா, நான் மென்பொருள்களைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மேசை மதிப்பெண்ணைத் தூக்கிப் போட வேண்டாம். ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்து கோடைப் பயிற்சிக்கு முன்பதிவு செய்பவரும் பயனர்தான். அவருக்கு அந்தப் பறக்கும் மனிதர் தேவைப்படலாம். இரண்டு சூழலுக்கும் தனித்தனி அட்டவணை போடுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதீர்கள், அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும் என்று எல்லோரும் நீல்சனை மேற்கோள் காட்டுவார்கள். பயனர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தால் வகைக்கு மூன்று நான்கு பேர் வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். உங்களுக்குப் புதியவர் நால்வர், அனுபவசாலிகள் நால்வர் போதும். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். வேலை கொடுங்கள்: "உங்கள் எடை 82 கிலோ, நீச்சல் தெரியும், பலகையில் ஏறியதே இல்லை. வியாழக்கிழமை வகுப்பில் சேர முடியுமா, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" எவ்வளவு நேரம் ஆனது என்பதைவிட, தவறான விடையை எத்தனை பேர் உறுதியாகச் சொன்னார்கள் என்பதை எண்ணுங்கள். மெதுவாகக் கண்டுபிடித்தவர் எரிச்சலோடு வீடு போவார். உறுதியாகத் தவறியவர் உங்களைப் போல நடு ஏரிக்குப் போவார்.

கரைக்குப் போக முடியாவிட்டால் கரையை வரவழைக்கலாம். மொட்டைமாடி, நண்பகல், ஒரு வாளித் தண்ணீர், போலராய்டு கண்ணாடி. கையை நனைத்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். 2023-இல் வந்த இணைய அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பு, பொத்தான் 24 பிக்சல் இருந்தாலே ஏற்கும். விறைத்த ஈர விரலுக்கு நான் 44-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

சோழகம் ஐயா புகழும் வண்ணக் கட்டங்களைப் பற்றி ஒரு சொல்: ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. எண் கூடவே இருப்பதால் பிழைத்தது. எண்ணை எடுத்துவிட்டு வண்ணத்தை மட்டும் வைக்கும் தளங்களுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

அம்புக்கு ஒரு சோதனை உண்டு. திரையைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளை எழுந்து நிற்கச் சொல்லி, "காற்று முகத்தில் அடிக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்புவீர்கள்?" என்று கேளுங்கள். வாயால் சொல்லும் விடையை நம்ப வேண்டாம்.

---

முத்துநகர்க்காரி எழுதியது:

மொட்டைமாடிக்கு நன்றி. நேற்று அலுவலகத்தில் ஏழு பேரை எழுந்து நிற்க வைத்தேன். மேல்நோக்கிய அதே அம்பு. நான்கு பேர் ஒரு பக்கம் திரும்பினார்கள், மூன்று பேர் அதற்கு நேரெதிர். ஒருவர் தேவாலயக் கோபுரத்துச் சேவலைச் சொல்லி வாதாடினார்: காற்றுகாட்டிச் சேவலின் அலகு காற்று வரும் திசையைத்தானே பார்க்கிறது, அம்பும் அப்படித்தான் என்று. செயலிகளில் பெரும்பாலும் அம்பு காற்று போகும் திசையைக் காட்டுகிறது. இரண்டு வழக்கமும் நிலைத்துவிட்டன, ஒன்றைத் தவறென்று சொல்ல வழியில்லை. ஆகவே புதிய முகப்பில் தனி அம்பே கிடையாது. ஏரியின் சின்னக் கோட்டுப்படம், அதில் நாம் நிற்கும் கரை, "பெலேர், வடக்கிலிருந்து, கரையை விட்டு வெளியே தள்ளும்" என்று ஒரு வரி. காற்றுக்கு ஊரார் வைத்த பெயர் இருக்கும்போது அம்பு எதற்கு?

சோழகம் அண்ணா சொன்ன பெட்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் அவர்கள் கூரையில் இருக்கும் காற்றளவியின் எண், வீச்சு, அளந்த மணி. அரைமணிக்கு மேல் பழசானால் எண் தானாகவே மறைந்து "அளவு வரவில்லை" என்று நிற்கும். காலை வரியையும் விடவில்லை. எட்டு மணிக்குக் குடிலைத் திறப்பது பள்ளிக்காரரின் மனைவி. கண்ணாடிக் கதவில் எப்படியும் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார், அதையே கைப்பேசியிலும் தட்டிவிடுகிறேன் என்றார். அந்த வரியும் மாலை ஏழுக்குத் தானாக அழிந்துவிடும்.

தோற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் தளத்திலும் பறக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார், திரையை அடைத்துக்கொண்டு. இவரைப் பார்த்துப் புதியவர்கள் பயந்து ஓடுவார்கள், காணொளியும் கனம், எடுத்துவிடலாம் என்று பக்கம் பக்கமாக ஆதாரம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என் மகன்" என்றார். கைப்பேசியில் மட்டும் கீழே இறக்க சம்மதித்தார். கணினியில் மகன் தொடர்ந்து பறப்பான்.

---

சோழகம் எழுதியது:

மகன் பறக்கட்டும். வெட்சூட், அதாவது குளிர்தாங்கும் நீருடை, அதன் அளவு அட்டவணையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? வாடகைக்கு எடுக்கும் இடத்தில் அளவு தெரியாமல் குளிரில் வரிசையில் நிற்பதுதான் என் முதல் புகார்.

---

முத்துநகர்க்காரி எழுதியது:

பதினொன்றில் இரண்டு தளங்களில்தான் இருந்தது, இரண்டிலும் ஆண்கள் அளவு மட்டும். போன வருடம் மூன்று உடை மாற்றி, நான்காவதில் கை நுழைந்தது, கால் நுழையவில்லை. எழுதிக்கொண்டேன் அண்ணா, முன்பதிவுப் படிவத்தில் உயரமும் எடையும் கேட்டு அளவை அங்கேயே சொல்லிவிடப் போகிறேன்.

---

சோழகம் எழுதியது:

நல்லது. செப்டம்பர் இரண்டாம் வாரம் வருகிறேன். 85 கிலோ, உயரம் 1.78. படிவம் சரியாகச் சொல்கிறதா என்று அன்று பார்த்துவிடலாம்.