ஆஸ்திரேலியர்கள் மாறியது எதில் தெரிகிறது? (அனுபவப் பகிர்வு)

பரமட்டா, சிட்னி

"ஆஸ்திரேலியா முன்ன மாதிரி இல்லை" என்று நாற்பது வருஷம் முன்னால் வந்தவரும் சொல்கிறார், போன வருஷம் வந்தவரும் சொல்கிறார். எதில், எப்போதிலிருந்து என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. தேர்தல் வேலை, கவுன்சில் வேலை, விழா ஏற்பாடு என்று புழங்குகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சொந்தக் கதையை ஒதுக்கிவிட்டு, அங்கே நடப்பதை மட்டும் விவரமாக எழுதுங்கள்.

மேற்குச் சிட்னி, வாக்குச்சாவடிப் பணி

வாக்குச்சீட்டிலிருந்தே தொடங்கலாம். கூட்டாட்சித் தேர்தலில் கீழவைக்குப் பச்சைச் சீட்டு, செனட்டுக்கு வெள்ளைச் சீட்டு. பச்சையில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை கட்டத்திலும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். கடைசி ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். டிக் மட்டும் அடித்தால் செல்லாது. வெள்ளையில் கோட்டுக்கு மேலே உள்ள கட்சிக் கட்டங்களில் குறைந்தது 6, இல்லையென்றால் கீழே உள்ள வேட்பாளர் கட்டங்களில் குறைந்தது 12 எண். இது 2016இல் வந்த முறை.

சிக்கல் என்னவென்றால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலே ஓட்டு செல்லும். அதே பள்ளிக்கூட ஹால், அதே பென்சில், விதி மட்டும் வேறு. அந்தப் பழக்கத்தில் கூட்டாட்சிச் சீட்டிலும் 1 மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். நாடு முழுக்கச் செல்லாத ஓட்டு 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் அதிகமுள்ள ஃபௌலர், பிளாக்ஸ்லண்ட் போன்ற தொகுதிகளில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. தப்பாக எழுதிவிட்டால் பெட்டியில் போடும் முன் அதிகாரியிடம் திருப்பிக் கொடுங்கள், புதுச் சீட்டு தருவார்கள். கூச்சப்பட்டு மடித்துப் போட்டுவிடுகிறார்கள் நம் ஆட்கள்.

ஃபௌலர் லேபர் கட்சியின் கோட்டையாக இருந்தது. 2022இல் முன்னாள் மாநில முதல்வர் கிறிஸ்டினா கெனியலியை வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டாய் லே சுயேச்சையாக நின்று அவரைத் தோற்கடித்தார். புலம்பெயர்ந்தோர் ஓட்டு எங்கேயும் போகாது என்ற கணக்கு அன்றோடு போயிற்று. மொத்த நாட்டிலும் இதே போக்குதான். 2025இல் லேபர் 150இல் 94 இடம் பிடித்தது. ஆனால் முதல் விருப்ப ஓட்டு, அதாவது 1 விழுந்த சீட்டு, 35 சதவீதம்கூட வரவில்லை. வாக்காளரில் மூன்றில் ஒருவர் லேபர், லிபரல்-நேஷனல் என்ற இரண்டு பெரிய அணிகளையும் விட்டு வேறு எங்கோ 1 போடுகிறார். பின்தங்கியவரின் சீட்டு 2, 3 என்று போட்ட வரிசைப்படி அடுத்தவருக்குப் போகும். மிச்சத்தை அந்த விருப்ப வரிசை பார்த்துக்கொள்கிறது.

டான்டினாங், மெல்பேர்ண்

1949 ஜனவரி 26க்கு முந்தி அவுஸ்திரேலியக் குடியுரிமை என்று ஒரு சாமானே இருக்கவில்லை. எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைகள். 1984 ஜனவரி 25இல் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்த பிரிட்டிஷ் பிரஜைகள் குடியுரிமை எடுக்காமலே இன்றைக்கும் வாக்களிக்கலாம்.

இந்தக் கதை திரும்பிய இடம் 1999. குடிவரவுக்கு எதிராகக் கதைத்து வளர்ந்த ஒன் நேஷன் கட்சியில் ஹெதர் ஹில் குயின்ஸ்லாந்து செனட்டராகத் தெரிவானார். அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றம் போகக்கூடாது என்கிறது. ஹில் பிரிட்டிஷ் குடியுரிமையை விடவில்லை. பிரிட்டன் 'அந்நிய நாடு' என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் தீர்ப்புச் சொல்லி அவருடைய தெரிவை ரத்துச் செய்தது. 2017இல் அதே பிரிவில் துணைப் பிரதமர் பார்னபி ஜோய்ஸ் அகப்பட்டார், தகப்பன் நியூசிலாந்தில் பிறந்தவர் என்பதால். அந்தச் சுற்றில் பதவி போனவர்கள் எல்லாம் பிரிட்டன், நியூசிலாந்து, கனடா வழி. ஆசியக்காரரை நோக்கி விரல் நீட்டினவர்களுக்கு இது பெரிய பாடம், படித்தார்களோ தெரியாது.

தேர்தலில் நிற்க யோசிக்கிற தமிழருக்கு: வேறு குடியுரிமை எடுத்தவுடன் இந்தியக் குடியுரிமை சட்டப்படி தானாகவே போய்விடும். இலங்கை இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் வேட்புமனுவுக்கு முன்னமே அதைத் துறந்து, துறந்தது பதியப்பட்டதற்கான கடிதமும் கையில் எடுத்துவிட வேண்டும். விண்ணப்பம் அனுப்பினது போதாது. செனட்டர் கேட்டி காலகர் பிரிட்டனுக்கு நேரத்தோடு அனுப்பியிருந்தார். அவர்கள் பதிந்தது மனுத்தாக்கலுக்குப் பிறகு. 2018இல் பதவி போனது.

பிளாக்டவுன், சிட்னி

குடியுரிமைத் தேர்வு பற்றி யாரும் எழுதவில்லையே. 20 கேள்வி, 75 சதவீதம் எடுக்க வேண்டும். 2020 நவம்பரிலிருந்து அதில் 5 கேள்வி 'ஆஸ்திரேலிய விழுமியங்கள்'. அந்த 5ம் சரியாக இருக்க வேண்டும். அதில் ஒன்று தப்பி, மொத்தம் 20க்கு 19 எடுத்தாலும் தோல்விதான்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் குடிமகன் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். குடியுரிமை விழாவில் உறுதிமொழி சொல்லும் நொடியில்தான் ஆகிறோம். கடவுள் பெயரோடும் சொல்லலாம், இல்லாமலும் சொல்லலாம். ராணிக்கு விசுவாசம் என்ற வரி 1994இல் எடுக்கப்பட்டது. உறுதிமொழி சொன்ன நொடியோடு பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விசா செத்துவிடும். ஆகவே மறுவாரம் சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள். திரும்பி நுழைய ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

விழா நாள் இன்னொரு தகராறு. 1788இல் முதல் கப்பல் கூட்டம் சிட்னியில் இறங்கிய, இன்று ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26ஐப் பூர்வகுடிகள் 1938லேயே துக்க நாளாக அனுசரித்தார்கள். 2017இல் மெல்பர்னின் யாரா, டேரபின் கவுன்சில்கள் அன்று விழா நடத்த மறுத்ததால் விழா நடத்தும் உரிமையே பறிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் விதி தளர்ந்து, 26க்கு மூன்று நாள் முன்போ பின்போ வைக்கலாம் என்றானது.

பெர்த், விழா ஏற்பாடு

பொங்கல் விழாக்களில் குத்துவிளக்குக்கு முன்னால் இப்போது அந்த நிலத்தின் பூர்வகுடிகளை நினைவுகூரும் வரிகளைப் படிக்கிறார்கள். இரண்டு வகை உண்டு. 'வெல்கம் டு கன்ட்ரி' என்ற வரவேற்பை அந்த நிலத்தின் பூர்வகுடிப் பெரியவர் மட்டுமே சொல்லலாம். முன்பே பேசி, கட்டணமும் கொடுத்து அழைக்க வேண்டும். 'அக்னாலட்ஜ்மென்ட்' என்ற மரியாதை வரிகளை யாரும் சொல்லலாம். நம் அமைப்பாளர்கள் தாமே படித்துவிட்டு அதை 'வெல்கம்' என்று அறிவித்துவிடுகிறார்கள். வந்தவர் வீட்டுக்காரரை வரவேற்கிற மாதிரி ஆகிவிடுகிறது. எந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்ற பெயரையும் பாருங்கள். கடிகல் சிட்னி நகர மையத்துக்கு, பரமட்டா போனால் தாருக், பெர்த்தில் வஜுக் நூங்கார், அடிலெய்டில் கவுர்ணா.

எல்லோருக்கும் இது பிடிக்கிறது என்றும் இல்லை. போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளில், 2025 விடியல் நிகழ்வில் மெல்பர்னில் 'வெல்கம்' சொல்லும்போது சிலர் கூச்சல் போட்டார்கள்.

கான்பெரா

இந்த மாற்றத்தை இடதுசாரி, வலதுசாரி என்று பிரித்தால் கணக்கு உதைக்கும். 2017 ஒருபாலினத் திருமண அஞ்சல் கருத்தெடுப்பில் நாடு 61.6 சதவீதம் ஆம் என்றது. லேபர் தொகுதியான பிளாக்ஸ்லண்டில் நால்வரில் ஏறக்குறைய மூவர் இல்லை என்றார்கள். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி அமைப்பு ஒன்றை அரசியலமைப்பில் சேர்க்கக் கேட்ட 2023 அக்டோபர் 14 பூர்வகுடிக் குரல் வாக்கெடுப்பு ஆறு மாநிலத்திலும் தோற்றது, மொத்தத்தில் சுமார் 60 சதவீதம் எதிர்ப்பு. பரம்பரையாக லிபரலுக்கு ஓட்டுப்போட்ட வென்ட்வொர்த், கூயாங் போன்ற பணக்காரத் தொகுதிகள் ஆம் என்றன. பூர்வகுடிகள் பற்றிய 1967 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆம் சொன்ன நாடுதான் இது. ஆனால் அன்று எதிர்த்துப் பிரசாரம் செய்யக் கட்சியே இல்லை. எதிர்க்கட்சி ஆதரவில்லாமல் இங்கே அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேறியதில்லை. 2023 வாக்கெடுப்புச் சீட்டில் டிக் 'ஆம்' என்று எண்ணப்பட்டது, பெருக்கல் குறி செல்லாது. இதற்கே பெரிய சண்டை நடந்தது.

அகதிகளை ஏற்கும் கொள்கையை எதிர்க்கிறவர்கள் தெரிந்த ஆளைத் தாங்குவதும் உண்டு. பழமைவாத ஊரான பிலோயிலா, தன் தமிழ் அகதிக் குடும்பத்தை 2018இல் அதிகாரிகள் கொண்டுபோனதிலிருந்து 2022இல் திரும்பி வரும்வரை விடாமல் போராடியது.

2026 ஆகஸ்ட் சென்சஸ் பற்றி ஒன்று. வம்சாவளிக் கேள்வியில் இரண்டு பதில் வரை எண்ணுவார்கள். 'தமிழ்' என்று கையால் எழுதினால் தனியாகவே கணக்கில் வரும். வீட்டு மொழிக் கேள்வியில் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக நிரப்புங்கள். பெற்றோருக்குத் தமிழ், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்று போட்டுவிட்டு, பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்டுப் போனால் காட்ட எண்ணிக்கை இருக்காது.