புதுப்பிப்பு: சுயசான்று முறையில் பிளான் அப்ரூவல் வந்துவிட்டது

1,200 சதுர அடி மனையில் கீழும் மேலுமாக வீடு கட்ட சுயசான்று முறை (பிளான் விதிப்படிதான் இருக்கிறது என்று நாமே உறுதி கூறி அனுமதி வாங்குவது) ஒத்துவருமா, பட்டா இன்னும் அப்பா பேரில் இருக்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். அப்ரூவல் கைக்கு வந்தாச்சு.

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் இது. மனை 2,500 சதுர அடி வரை, கட்டடம் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி. எங்களுடையது தாராளமாக உள்ளே அடங்கியது. ஆன்லைனில் கட்டணம் கட்டியதும் அனுமதி இறங்கிவிட்டது.

இழுத்தடித்தது பட்டாதான். அப்பா காலமாகிவிட்டதால் வாரிசுச் சான்றிதழ், தங்கையிடமிருந்து அவள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், அதற்குப் பிறகே பெயர் மாற்றம். "முதல்ல பட்டாவ முடிங்க தம்பி, பிளான் எங்க ஓடிடப் போகுது" என்றார் இன்ஜினியர். சரியாகத்தான் சொன்னார். மனை அங்கீகாரம் பெற்றதா, இல்லையென்றால் பின்னால் முறைப்படுத்திக் கொடுத்த வரன்முறை ஆணை இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். வரைபடத்துக்குக் காசு கொடுப்பது அப்புறம்.

சுயசான்று என்பதால் பொறுப்பு முழுக்க நம் தலையில். வீட்டின் பக்கவாட்டில் விதிப்படி விட வேண்டிய இடைவெளியில் அரை அடி எடுத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி ஆசை காட்டினார் (எல்லா மேஸ்திரிகளும் காட்டுவார்கள்). முடியாது என்றுவிட்டேன். தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது வந்ததும் கடைக்கால் தோண்ட வேண்டியதுதான்.